கம்பம் சுந்தரம் என்ற பெயரில்

அப்பு,

நீ கொரியாவுக்குத் திரும்பிப் போய் இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. போடி பஸ் ஸ்டாண்டில் உன்னை மதுரை பஸ்சில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். முந்தாநாள் போனில், "எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதலாமா?" என்று உன்னிடம் கேட்டேன். "என் பேரு வேணாம்ப்பா. காலேஜ் பேரும் வேணாம். மத்தது உங்க இஷ்டம்" என்றாய். அதனால் வீட்டில் கூப்பிடுகிற 'அப்பு'வோடு நிறுத்திக்கொண்டேன், என் பெயரையும் விட்டுவிட்டேன். வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை எதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று உன் அம்மா கேட்டாள். நானும் அவனும் மூணு வருசமாகப் பூட்டுப் போட்ட இடத்தில்தான் பேசிக்கொண்டோம், ஒருதடவையாவது கதவைத் திறந்துவைத்துப் பேச வேண்டும்போல இருக்கிறது என்றேன். அவள் மேசைமேல் கிடந்த மருந்துச் சீட்டுகளை எல்லாம் ஒதுக்கித் துடைத்துக் கொடுத்தாள்.

மற்றவர்களும் படிக்கப் போவதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஆறு வருசத்துக்கு முன்னால் நீ ஆராய்ச்சிப் படிப்புக்காகக் கொரியா போனாய். இரண்டாவது பனிக்காலத்தில், அம்மா பனி பார்க்க ஆசைப்பட்டாள் என்று வாட்சப்பில் ஒரு இணைப்பு அனுப்பினாய். விடுதி வாசலில் வரிசையாக நின்ற சைக்கிள்களின் சீட்டு மேலெல்லாம் பனி இட்லி மாதிரி உப்பி நின்ற படம். அம்மா பார்த்துச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை, வேறு சோலி இல்லை. படத்துக்கு மேலே இருந்த எழுத்தைத் தொட்டேன். அது என்னை உன் வலைப்பூவுக்குள் கொண்டுபோய் விட்டது. அப்படி ஒன்று நீ வைத்திருப்பதே எங்களுக்குத் தெரியாது.

கொரியாக்காரர்கள் ஒரு சிலர் சேர்ந்து நடத்திய தளம் அது. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒருவர் அழைத்தால்தான் சேர முடியும், உன் ஆய்வுக்கூடத்து நண்பன் அழைத்துச் சேர்த்துவிட்டான் என்று ஒரு பதிவில் எழுதியிருந்தாய். எத்தனை வசதி அதில். பக்கத்தின் தோற்றத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நீ முகப்பில் போடிமெட்டு வளைவில் மேகம் இறங்குகிற படத்தை வைத்திருந்தாய். நடந்துபோன தெருக்களை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம். சத்தத்தைக்கூடச் சேர்க்கலாம். மீன் சந்தையில் ஒரு அம்மா கூவி விற்கிற குரலைப் பதிந்து, பாஷை புரியாவிட்டாலும் அவர் விலையைக் குறைக்க மாட்டார் என்பது மட்டும் புரிகிறது என்று கீழே எழுதியிருந்தாய். படிக்கிறவர்கள் பின்னூட்டம் போட உறுப்பினராக வேண்டியதில்லை. ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் போதும். பின்னூட்டப் பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாகப் பூட்டுப் படம் ஒன்று இருந்தது. அதைத் தொட்டுவிட்டு எழுதினால், எழுதியவரும் நீயும் மட்டும்தான் பார்க்க முடியும்.

அன்றைக்கு நான் முதலில் படித்த பதிவுக்கு 'சனிக்கிழமை' என்று தலைப்பு வைத்திருந்தாய். நீ சின்னப் பையனாக இருந்தபோது நான் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். காய் பறித்து வந்து உலர்த்துகிற இடம், ராவும் பகலும் ஆள் இருந்தாக வேண்டும். சனிக்கிழமை சாயந்தரம் ஜீப்பு பிடித்து இறங்கி வருவேன், திங்கட்கிழமை விடிய மேலே போய்விடுவேன். நீ எழுதியிருந்தாய்: "அந்த வாரம்தான் சீட்டியடிக்கப் பழகியிருந்தேன். அஞ்சு நாள் வீடெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை அப்பா வந்தார். வீடு தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. நானும் குறைத்துக்கொண்டேன்."

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஞாபகம் இல்லை, அப்பு. எனக்கு எல்லாச் சனிக்கிழமையும் ஒன்றுதான். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, உன்னைப் பார்த்து, "இவன் என்ன, வாயே தெறக்க மாட்டேங்குறான்?" என்று அம்மாவிடம் கேட்பேன். நீ கூச்சக்காரப் பிள்ளை என்று இருபது வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களிடம்கூட அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். நீ அஞ்சு நாள் சீட்டியடிக்கிற பையன் என்பது கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அந்த இடத்தில், 'அப்பு, நான்தான்' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதத்தான் பெட்டியைத் திறந்தேன். பெயர் கேட்டது. என் பெயரைப் போட்டால் நீ அன்றைக்கே எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று தோன்றியது. வீடு மறுபடியும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று பயம். 'சுந்தரம், கம்பம்' என்று அடித்தேன். "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி, தொடர்ந்து எழுதுங்க" என்று போட்டேன். அவ்வளவுதான் ஆரம்பம். எஸ்டேட் கைமாறி வேலை போனபிறகு, போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரிக்காக ஏலக் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிற வேலை செய்துகொண்டிருந்தேன் அல்லவா, அங்கே ஒரு லாட்டுக் காய் ஏலம் முடிந்து அடுத்த லாட்டு வரும்வரை கிடைக்கிற நேரத்தில் உன் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். புதிதாக ஏதாவது இருந்தால் அன்றைக்கு முழுக்க முகம் தெளிவாக இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர், "என்னண்ணே, உங்க ஆளுக்கு நல்ல காய் சிக்கிருச்சா?" என்பார்.

சுந்தரத்துக்கு நான் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மனைவி இறந்துவிட்டார். தோட்டம் உண்டு. நீ ஒருநாள், "சார், உங்க பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்று பூட்டுப் போட்டுக் கேட்டாய். ஏலக் கூடத்தில் இருந்தேன். அடுத்த லாட்டு தொடங்க இரண்டு நிமிஷம் இருந்தது. "எனக்குப் பிள்ளைகள் இல்லை தம்பி" என்று எழுதினேன். பிள்ளை உண்டு என்றால் பெயர், ஊர், வேலை என்று கேள்வி வளரும், இல்லை என்றால் முடிந்துபோகும் என்ற சின்னக் கணக்கு அது. எழுதியபோது ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்த லாட்டுக்கு விலை கேட்கப் போய்விட்டேன்.

நீ அவரிடம் நிறையப் பேசினாய். என்னிடம் போனில் "சாப்பிட்டீங்களா", "மழை உண்டா", "அம்மாகிட்ட குடுங்க" என்ற மூன்றுக்குமேல் நமக்குள் கிடையாது. சுந்தரத்திடம் நீ தூங்காததைச் சொன்னாய், கிம்ச்சி பிடிக்காமல் இருந்து பிடித்துப்போனதைச் சொன்னாய், சிநேகிதன் ஒருத்தன் பேச்சை நிறுத்தியதைச் சொன்னாய். எனக்கு அதில் பெருமையாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் தன் மனசை என்னிடம் திறந்து வைக்கிறான் என்ற பெருமை. யாரிடம் திறந்தான் என்பதை மறந்தேபோய்விட்டேன்.

இனி எழுதப்போகிறதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

மூன்றாவது வருசம், ஆனி மாதம், நீ நீளமாக எழுதினாய். பேராசிரியர் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார், வாரத்தில் நாலு நாள் ஆய்வுக்கூடத்து நாற்காலியில்தான் தூக்கம், ஒரு சின்ன நிறுவனம் வேலை தருகிறது, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சேரலாமா என்று யோசிக்கிறேன் என்று எழுதினாய். "வீட்டில் கேட்க முடியாது சார். அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அவர் முகத்தை நினைத்தால் எனக்கு யோசனையே ஓட மாட்டேன் என்கிறது. உங்களுக்கு இதில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்."

அதை நான் நாலுதடவை படித்தேன். நீ சொன்னது உண்மை. ஊர் முழுக்கச் சொல்லித்தான் வைத்திருந்தேன். ஏலக் கூடத்தில், ராசிங்காபுரத்தில் உன் பெரியம்மா வீட்டுக் காதுகுத்தில், முடிவெட்டுகிற கடையில், எல்லா இடத்திலும் என் மகன் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறான். படிப்பை விட்டுவிட்டான் என்று அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து சொல்வதை நினைத்துப் பார்த்தேன். பிறகு சுந்தரத்தின் கையால் எழுதினேன்: "முடித்துவிட்டு வாருங்கள் தம்பி. பாதிக் கிணறு தாண்டியவர் யாரும் இல்லை. கஷ்டம் போய்விடும், பட்டம் நிற்கும். பிள்ளை இல்லாதவன் நான், உங்களைப் பிள்ளையாக நினைத்துச் சொல்கிறேன்."

நீ, "நன்றி சார், சார்பு இல்லாமல் சொல்ல எனக்கு ஒருத்தராவது இருக்கிறீர்கள்" என்று பதில் போட்டாய். வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டதாக மறுநாள் சொன்னாய்.

ஐப்பசியில் நீ ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தாய். வயிற்றுப் புண் உடைந்து ரத்தம் போயிருக்கிறது. எட்டு நாள் ஆஸ்பத்திரி. எங்களுக்குப் போன் பண்ணி, "லேசா காய்ச்சல், குரல் கம்மியிருக்கு" என்றாய். சுந்தரத்துக்குத்தான் உள்ளது உள்ளபடி எழுதினாய். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். எனக்கு எல்லாம் தெரியும், எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்பது முதற்கொண்டு. தெரியாத மாதிரி, "காய்ச்சல் விட்டுச்சாப்பா? கஞ்சி குடி" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். அம்மா மறுநாள் வெள்ளைப்பூண்டு ரசம் எப்படி வைப்பது என்று உனக்கு வாட்சப்பில் விவரமாக அனுப்பினாள். வயிற்றில் புண்ணோடு படுத்திருக்கிறவனுக்கு ரசம். நான் அவளைத் தடுக்கவும் முடியாது, தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். என் ஆயுசில் அந்த எட்டு நாள் மாதிரி எதுவும் இருந்ததில்லை. ஆனால் அப்போதும் நான் சொல்லவில்லை, அப்பு. சொல்ல எட்டு நாள் இருந்தது.

நீ தேறினாய். அடுத்த வருசம் பட்டத்தையும் வாங்கி, அங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாய். அதனால் நான் சொன்ன யோசனை சரிதானே என்று உன் தங்கராசு மாமா சொல்கிறார். அப்படிக் கணக்குப் போட்டு என்னை விட்டுவிடாதே. நீ தப்பிப் பிழைத்தது உன் உடம்பின் வலு, அந்த ஊர் டாக்டர்களின் புண்ணியம்.

இதற்கு நடுவில்தான் அந்தத் தளத்தை ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் வாங்கிவிட்டது என்று நீ ஒரு பதிவு போட்டாய். உலகத்துக்கே தெரிந்த நிறுவனம், நம் தளம் இனி எங்கேயோ போகப் போகிறது என்று உன் கூட்டாளிகள் எல்லாம் குதித்தார்கள். எதுவும் மாறாது என்று அறிவிப்பும் போட்டார்கள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. எஸ்டேட்டை வெளியூர்க் கம்பெனி வாங்கியபோது எங்களையும் களத்தில் நிற்கவைத்து இதையேதான் சொன்னார்கள். மூணு மாசத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகையை மூடினார்கள், ஆறு மாசத்தில் என்னைப் போகச் சொன்னார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இருபது எஸ்டேட்டில் நாங்கள் ஒன்று. எங்களுக்கு அந்த ஒன்றுதான்.

தளத்திலும் அப்படியே நடந்தது. முதலில் புது வசதிகள் வருவது நின்றது. வரைபடக் கோடுகள் மறைந்தன. மீன் விற்கிற அம்மாவின் குரலைத் தொட்டால் ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கட்டியவர்களை அந்த நிறுவனம் வேறு வேலைக்கு மாற்றிவிட்டதாம், பராமரிக்க ஆள் இல்லை என்று நீ வருத்தப்பட்டு எழுதினாய். கடைசியில், போன ஆவணியில், பின்னூட்டம் எழுதுகிறவர்கள் எல்லாரும் தங்கள் பழைய பெயரை அந்தப் பெரிய நிறுவனத்தின் கணக்கோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. கொரிய எழுத்து. மொழிபெயர்த்துப் பார்த்தேன், அரைகுறையாகப் புரிந்தது. சேர்க்காவிட்டால் இனிமேல் எழுத முடியாது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கைப்பேசியில் எனக்கு அந்த நிறுவனத்தின் கணக்கு ஏற்கெனவே இருந்தது, என் சொந்தப் பெயரில், தங்கராசு மாமா மகள் கல்யாணத்தில் எடுத்த என் படத்தோடு. 'சரி' என்று அழுத்தினேன்.

மறுநாள் ஏலக் கூடத்தில் பக்கத்தைத் திறந்தேன். மூணு வருசமாகச் சுந்தரம் எழுதிய அத்தனை பின்னூட்டத்திலும் என் பெயரும் என் படமும் இருந்தன. பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "எனக்குப் பிள்ளைகள் இல்லை தம்பி" என்பதற்குப் பக்கத்திலும் அதே சிரிப்பு. அழிக்கப் பார்த்தேன். பழைய பின்னூட்டங்களை மாற்றும் வசதி நிறுத்தப்பட்டுவிட்டது என்று வந்தது. பிள்ளைகள் இல்லை என்ற அந்த வரிக்குக் கீழே நீ எழுதிவிட்டிருந்தாய். ஒரே வார்த்தை.

"அப்பா?"

விலை கேட்க வேண்டிய நேரத்தில் நான் கேட்கவில்லை. இரண்டு லாட்டு கை நழுவிப்போனது. பக்கத்து சீட்டுக்காரர் என் தோளைத் தட்டி, "ஒடம்புக்கு முடியலையாண்ணே?" என்றார். அன்றைக்குச் சாயந்தரம் உன் வலைப்பூ எனக்குத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ அம்மாவுக்கு மட்டும் பேசினாய். அவள் என்னிடம் நீட்டினால், "வேலை இருக்கும்மா, வைக்கிறேன்" என்பாய். மூணு வாரம் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் காலையில் காய் அரிந்துகொண்டிருந்தவள் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு, "உங்களுக்கும் அவனுக்கும் என்ன?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியையும் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"புள்ளை இல்லைன்னா எழுதினீங்க?"

"ஒரு பேச்சுக்குத்தான்..."

"அவனுக்கு முன்னாடி ரெண்டு தங்காமப் போச்சு. போடிக்கும் தேனிக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா என்னைய அலையவெச்சுப் பெத்த புள்ளை. உங்க கையி எப்படிங்க எழுதுச்சு?"

அதன்பிறகு எட்டு நாள் அவளும் என்னோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். எழுதும்போது எனக்கு உறைக்காதது அந்த எட்டு நாளில் உறைத்தது.

பங்குனியில் நீ பத்து நாள் லீவில் வந்தாய். நாங்கள் கேட்டு வரவில்லை, நீயாக வந்தாய். முதல் நாலு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னோடு நன்றாகத்தான் இருந்தாய். அதுதான் பயமாக இருந்தது. அஞ்சாம் நாள் மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு, "வாங்கப்பா, மெட்டுக்குப் போய்ட்டு வருவோம்" என்றாய். நீ ஓட்டினாய், நான் பின்னால் உட்கார்ந்தேன். உன் தோளைப் பிடிப்பதா, சீட்டுக் கம்பியைப் பிடிப்பதா என்று தெரியாமல் முதல் ரெண்டு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மூணாவது வளைவில் ஒரு லாரி ஒடித்துத் திரும்பியது. தோளைப் பிடித்துவிட்டேன்.

போடிமெட்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. நான், "அப்பு, நான் சொன்னது தப்புத்தான்" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லலைப்பா. அப்பாவா சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பீங்க. அப்பா சொல்றாருன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன எடுத்துக்கிருவேன். பாதியத் தள்ளிருவேன். யாரு சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாம சொன்னீங்கள்ல, அதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்க மேல கோவம் கொஞ்ச நாளுல போயிருச்சு. இன்னொண்ணுதான் போகலை. சுந்தரம் சாருன்னு எனக்கு ஒருத்தர் இருந்தாரு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, ஊருக்குப் போனா மொதல்ல கம்பம் போயி அவரைப் பாக்கணும்னு நெனச்சேன். அவருக்கு ஒரு குளிர்ச் சட்டைகூட வாங்கி வெச்சிருந்தேன். அவரு இல்லைன்னு ஆனப்ப, யாருகிட்டயும் சொல்ல முடியலை. செத்துப்போனவருக்கு அழுவுற மாதிரி அழுதேன்ப்பா."

நான் உன்னை ஏமாற்றினேன் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். உன்னிடமிருந்து ஒரு மனுசரைப் பறித்தேன் என்பது அங்கேதான் தெரிந்தது. டீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் கேட்காமலேயே எடுத்துப்போய் வேறு கொண்டுவந்து வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நீயே சொன்னாய். அந்தத் தளத்தை மூடப் போகிறார்களாம். பதிவுகளை எல்லாம் புது இடத்துக்கு மாற்றிவிட்டாயாம். பின்னூட்டங்கள் புது இடத்துக்கு வராதாம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே அப்படி இருந்ததற்கு வெட்கமாக இருந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் தனியா எடுத்து வெச்சிருக்கேன்ப்பா. எல்லாத்தையும்."

"எதுக்குப்பா அந்தக் கருமத்தை?"

"நீங்க எங்கூட அவ்வளவு பேசினது அங்கதான."

இறங்கி வரும்போது நாம் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பழைய சனிக்கிழமை மௌனமாகத் தெரியவில்லை. உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன்.

உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளைகள் வரலாம், வராமலும் இருக்கலாம். உன்னிடம் யோசனை கேட்க எத்தனையோ பேர் வருவார்கள். அறுபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்ததை உனக்குச் சொல்லிவைக்கிறேன். நமக்கு வேண்டியவர்கள் யோசனை கேட்டால், அதில் நம் ஆசை கலக்காமல் இருக்காது. என்ன வடிகட்டினாலும் கலக்கும். அதனால் முதலில் ஆசையைச் சொல்லிவிட வேண்டும், இது என் ஆசை என்று பெயர் போட்டுச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் யோசனை மிச்சம் இருந்தால் சொல்லலாம். பெரும்பாலும் மிச்சம் இருக்காது என்பதையும் இப்போது பார்க்கிறேன். பிள்ளை முன்னால் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிற அப்பன்கள் நம் ஊரில் என்னை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள். பாசம் இல்லாமல் இல்லை. சாப்பிட்டாயா என்பதற்கு அப்புறம் என்ன கேட்பது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, நாங்களும் கற்றுக்கொள்ளப் பார்க்கவில்லை. நான் அதற்குக் குறுக்கு வழி தேடினேன். நீ தேடாதே. திக்கினாலும் பரவாயில்லை, சொந்தக் குரலில் திக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா இல்லை என்றதும் வைத்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ, "பரவாயில்ல, உங்ககிட்டதான் கேக்கணும்" என்றாய். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறது, இப்போது இருக்கிற கொரியக் கம்பெனியும் இன்னும் ரெண்டு வருசம் இரு என்கிறது, "நீங்க என்னப்பா நெனைக்கிறீங்க?" என்றாய். எனக்கு உடனே நாக்கில் வந்தது சுந்தரத்தின் பேச்சுத்தான். தாய்நாட்டில் வளர்ச்சி, அனுபவம் என்று அழகாக நாலு வரி வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நீ கோயம்புத்தூர் வந்துட்டா எனக்கு நல்லா இருக்கும். மாசம் ஒருக்கா பாக்கலாம். அம்மாவுக்கு முட்டி வலி கூடிருச்சு, நீ பக்கத்துல இருந்தா தெம்பா இருக்கும். இதெல்லாம் எங்க சோலி. உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியலை அப்பு."

"தெரியலைன்னு நீங்க சொல்லி இப்பத்தான் கேக்குறேன்."

"நெறயாத் தெரியாது. சொன்னதில்லை."

நீ லேசாகச் சிரித்தாய். பிறகு, "இங்கயே ரெண்டு வருசம் இருக்கலாம்னு தோணுதுப்பா" என்றாய். "எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீ இரு" என்றேன். நீ வைக்கவில்லை. அந்த வேலை என்னவென்று சொல்ல ஆரம்பித்தாய், பேட்டரிக்குள் என்ன நடக்கிறது, ஏன் சூடாகிறது, நீ செய்கிற கலவை அதை எப்படிக் குறைக்கிறது என்று. எனக்குப் பாதி புரியவில்லை. புரியாத இடத்தில் எல்லாம் நிறுத்திக் கேட்டேன். நீ எனக்குப் புரிகிறவரை திரும்பச் சொன்னாய். எத்தனை நேரம் பேசினோம் என்று தெரியவில்லை, அம்மா கோயிலிலிருந்து வந்து திருநீற்றோடு முன்னால் நின்றாள். போனை நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்தவள் சட்டென்று எடுத்துக் கையில் பார்த்தாள்.

"என்னங்க, இப்பிடிச் சுடுது" என்றாள்.

உன் அப்பா